தனிக் கண்ணுக்கு ஒரு பதில்

சபாபதி ‘தனிக் கண்’ என்ற கட்டுரையை எழுதிய வருஷம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏழெட்டு ஓவியர்கள் சாம்பல் நிறத்துக்கு மாறினார்கள். அது எண்பத்து மூன்றாம் வருஷம். சபாபதி பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கோலாலம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தமிழ் மாத இதழில் அவருடைய கட்டுரை வந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மளிகைக் கடையின் மாடியில் ஓவியர்கள் கூடி அதை வரிவரியாகப் படிப்பார்கள். சண்டை போடுவார்கள். கீழே போய்த் தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் சண்டை போடுவார்கள்.

‘தனிக் கண்’ வந்தபோது மட்டும் யாரும் சண்டை போடவில்லை. “ஒரு படத்தின் முன் நூறு பேர் நின்றால் அங்கே நூறு கண்கள் இல்லை, ஒரு கண்கூட இல்லை” என்று அதில் எழுதியிருந்தார். பார்ப்பது என்பது தனியாகச் செய்கிற காரியம், பக்கத்தில் ஆள் வந்து நின்றதுமே பார்வை செத்துவிடுகிறது, கத்துகிற நிறங்களெல்லாம் கூட்டத்தைக் கூப்பிடுகிற நிறங்கள் என்பது அவர் வாதம். அழகான தமிழில், மறுக்க இடம் வைக்காமல் எழுதியிருந்தார்.

அந்தக் கட்டுரையை யாரையும்விட அதிகமாக நம்பியவள் புஷ்பவல்லி. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். முப்பத்திரண்டு வயது. பகலில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்பும் பிஸ்கட்டும் வரைந்துகொண்டிருந்தாள். அங்கே நாள் முழுக்கச் சிவப்பையும் மஞ்சளையும் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தன் படத்தில் அந்த இரண்டையும் தொடவே மாட்டாள். அவள் கான்வாஸ்களில் வெறும் சாம்பல்தான். உற்றுப் பார்த்தால் அதற்குள் இன்னொரு சாம்பல் இருக்கும்.

அந்தக் குழு ஒரு கண்காட்சியும் வைத்தது. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். புஷ்பவல்லியின் அண்ணன் வேலாயுதம், சொந்த லோரி ஓட்டுகிறவன், மாடிப்படியில் வரிசையில் நின்று பார்த்தான். அவன் முறை வருவதற்குள் பசி வந்துவிட்டது.

“என்ன புஷ்பா, கிளினிக் மாதிரி இருக்கு லா. நம்பர் குடுத்தா நல்லது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

புஷ்பவல்லிக்குக் கோபம் வந்தது. ஆனால் சாயங்காலம் கணக்குப் பார்த்தால் உள்ளே வந்தவர்களெல்லாம் ஓவியர்களும் ஓவியர்களின் மனைவிமாரும்தான்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு கிள்ளானில் ஒரு மண்டபத்தில் படங்களை வைக்க அவளுக்கு அழைப்பு வந்தது. வேலாயுதம் துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டு அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னான். சரக்கை இறக்கியாயிற்று. வழியில் பண்டமாரான் ஊரைத் தாண்டுவதற்குள் லோரியின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஒரு பட்டறை வாசலில் ஓரங்கட்டி நிறுத்தினான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாயில் ஓட்டை.

“படத்தையெல்லாம் இறக்கு, நனைஞ்சிரும்” என்றான் வேலாயுதம்.

பட்டறைக்காரர் தகரக் கூரைக்குக் கீழே இடம் கொடுத்தார். படங்களைச் சுவரோரமாகச் சாத்தி வைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். பக்கத்தில் அப்பம் சுடும் தங்கமணியக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வந்தார்கள். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. அவர்களுக்கு முன்னால் பார்ப்பதற்குப் படங்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

“இது என்னா, கடலா?” என்று ஒருவர் ஆரம்பித்தார்.

“கடல் எங்க? கோடவுன் உள்ள லைட்டு போனா இப்பிடித்தான் இருக்கும்.”

“ரெண்டும் இல்ல. மாடி வீட்டுச் சன்னல் கண்ணாடில மூச்சு பட்டா இப்பிடி மூடிக்குமே, அது” என்றாள் தங்கமணியக்கா.

உடனே எல்லோரும் ஓரடி முன்னால் வந்து, சன்னல் தெரிகிறதா என்று பார்த்தார்கள். இரண்டு பேருக்குத் தெரிந்தது. ஒருவர் தெரியவில்லை என்று சத்தியம் செய்தார். தெரிந்தவர் அவர் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் நிறுத்தி, “இங்க நின்னு பாருங்க” என்றார். புஷ்பவல்லியும் எட்டிப் பார்த்தாள். மூன்று மாதம் தனியாக உட்கார்ந்து வரைந்த படம் அது. அதில் சன்னல் ஒன்று இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அன்று அவர்கள் கிள்ளான் மண்டபத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அவள் அதற்காக வருத்தப்படவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மாடியில் சபாபதியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“மழைக்கு ஒதுங்கினவங்க பொழுதுபோகாம பேசியிருக்காங்க, புஷ்பவல்லி. அது வேடிக்கை. பார்வை வேற.”

“இல்ல சார். ஒருத்தங்க சொன்னதக் கேட்டப்புறம்தான் இன்னொருத்தங்களுக்குத் தெரிஞ்சது. எனக்கே அப்படித்தான்.”

“அப்ப நீங்க பார்க்கல. அவங்க சொன்னத நம்பிட்டீங்க.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த மாத இதழில் ‘வேடிக்கையும் பார்வையும்’ என்று அவர் இன்னொரு கட்டுரை எழுதினார். ‘திறமையுள்ள ஓர் இளம் ஓவியர் மழையில் வழிதவறிப் போனதை’ அதில் இரண்டு வரியில் சொல்லியிருந்தார். பெயர் போடவில்லை. போடவேண்டிய தேவையும் இருக்கவில்லை. புஷ்பவல்லி மாடிக்குப் போவதை நிறுத்தினாள்.

மறுப்பு எழுத உட்கார்ந்து பார்த்தாள். அவர் வாக்கியங்களுக்குப் பக்கத்தில் அவளுடையவை நொண்டின. கிழித்துப் போட்டாள். “நீ எழுதுறவளா, வரையிறவளா?” என்று வேலாயுதம் கேட்டான். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

வேலாயுதத்தின் லோரி நிற்கும் கொட்டகையில் புது ஜிங்க் தகடுகள் செங்குத்தாகச் சாத்தியிருந்தன, கூரைக்குப் போடுகிற வளைவுத் தகடுகள். ஒரு காலையில் அவள் அதைக் கடந்து போனபோது சாய்வெயில் அடித்தது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். இந்தப் பக்கமிருந்து நடந்தால் தகடு முழுக்க வெள்ளையாக இருந்தது. திரும்பி வந்தால் முழுக்கக் கறுப்பு. அவள் நாலைந்து தடவை போய்ப் போய் வந்தாள். அன்று விளம்பரக் கம்பெனிக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அந்தத் தகடுகளோடு மல்லுக்கட்டினாள். முதலில் பூசிய சாயம் வெயிலில் தோலுரிந்தது. வேறு சாயம் பூசினால் மழைநாளில் வேர்த்தது. தகட்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, லோரிக்கு அடிக்கிற அடிப்பூச்சைக் கொடுத்த பிறகுதான் பிடித்தது. மடிப்புகளின் இடப்பக்கங்களில் மட்டும் ஒரு படம்: அவளுடைய பழைய சாம்பல் வெளியில் ஒரே ஒரு பெண், முதுகு காட்டி நிற்கிறாள். வலப்பக்கங்களில் இன்னொரு படம்: மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெருங்கூட்டம், குடைகள், சேலைகள், சீருடைகள், ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்க்கும் முகங்கள். சிவப்பும் மஞ்சளும் அதில் கொட்டிக் கிடந்தன. நேரே நின்றால் இரண்டும் கலந்து, கொதிக்கிற தண்ணீர் மாதிரி தளதளத்தது. இரண்டு படத்தையும் முழுசாக ஒரே நேரத்தில் ஒருவராலும் பார்க்க முடியாது.

தலைநகரில் ஒரு கலைக்கூடம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டிக்கு அதை அனுப்பினாள். தேர்வாளர்கள் நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்து, ஒன்றும் புரியவில்லை என்று தள்ளியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் டெலிபோன் பேசப் பக்கவாட்டுக் கதவுக்குப் போனவர், அங்கிருந்து திரும்பிப் பார்த்துக் கத்தினாராம். தகடு தேர்வாயிற்று. அது மட்டுமல்ல, இரண்டு கோடியிலும் வாசல் உள்ள நீண்ட கூடத்தில் பக்கச் சுவரின் நடு இடம் அதற்குக் கிடைத்தது. திறப்பு விழாவில் பேச சபாபதியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்று மாலை கூடம் நிறைந்திருந்தது. சபாபதி முன்வாசல் வழியாக வந்தார். தூரத்திலேயே நின்றுவிட்டார். அவர் நின்ற இடம் இடப்பக்கம். சாம்பல் வெளியில் ஒற்றைப் பெண்ணைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. புஷ்பவல்லி ஒரு தூண் ஓரமாக நின்று அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வேலாயுதம் வந்தான். தனியாக வரவில்லை. பண்டமாரானிலிருந்து லோரி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். லோரியைப் பின்னால்தான் விட்டார்கள். அதனால் எல்லோரும் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். முன்னால் தங்கமணியக்கா, பட்டுச் சேலையில்.

“ஏ அப்பா! எத்தனை பேரு! எத்தனை கொடை!” என்றாள் சத்தமாக.

சபாபதி திரும்பினார். “எத்தனை பேரா? ஒருத்திதானேம்மா நிக்கிறா?”

“ஒருத்தியா? சார், கண்ணாடிய தொடைங்க. ஊரே நிக்குது. பச்சைச் சட்டை போட்ட ஆளு என்னையே பாக்குறாரு.”

“பச்சையே இல்லையேம்மா. முழுக்கச் சாம்பல்.”

“சாம்பலா? சாம்பல் எங்க இருக்கு இதுல?”

முன்வாசல் பக்கம் நின்றவர்கள், “சார் சொல்றதுதான் சரி, ஒருத்திதான்” என்றார்கள். பின்வாசல் பக்கம், “யாரு சொன்னா?” என்று லோரி ஆட்கள் குரல் கொடுத்தார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் அதே தகராறு பரவியது. தங்கமணியக்கா பொறுக்கமாட்டாமல் விடுவிடுவென்று நடந்து வந்து சபாபதி பக்கத்தில் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆமா சார். ஒருத்திதான்” என்றாள் மெதுவாக. “நீங்க அங்க போயி பாருங்க.”

அவர் போனார். கூட்டம் வழிவிட்டது. நடக்க நடக்கச் சாம்பல் உடைந்து, நடுவில் தளதளத்து, அந்தப் பக்கம் போனதும் குடைகளாக விரிந்தது. சபாபதி அங்கேயே நின்றார். பிறகு கூடத்தின் அந்தக் கோடிக்கு உரக்கக் கேட்டார்: “அந்தப் பொண்ணு இன்னும் அங்க நிக்கிறாளாம்மா?”

“நிக்கிறா சார்!”

அவர் சிரித்தார். புஷ்பவல்லி அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை.

மேடையில் அவர் எழுதிக்கொண்டு வந்த உரையைப் படிக்கவில்லை. “நான் ரெண்டு கட்டுரை எழுதினேன். பார்வைக்கு ஒரு கண் போதும்னு நிரூபிச்சேன். இன்னிக்கு நான் பார்த்த படத்துல பாதிய ஒரு அம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க, மீதிய நான் அவங்களுக்குச் சொன்னேன். கட்டுரைக்குப் பதில் வந்திடுச்சு. என்னால மறுக்க முடியல. தோத்துட்டேன். இவ்வளவு சந்தோஷமா நான் எதுலயும் தோத்ததில்ல. புஷ்பவல்லி எங்க?”

அவள் தூணைவிட்டு வெளியே வந்தாள். கைதட்டல் இரண்டு வாசல் பக்கமிருந்தும் வந்தது. வேலாயுதம் விரலை மடக்கி விசிலடித்தான். கலைக்கூடத்துக் காவலாளி அவனை முறைத்துவிட்டு அப்புறம் தானும் தட்டினார்.

முதல் பரிசு அவளுக்குக் கிடைத்தது. தகட்டைக் கலைக்கூடமே வாங்கிக்கொண்டது. சபாபதி அடுத்து எழுதிய கட்டுரையில் அவள் பெயரை முதல் வரியிலேயே போட்டார். அதில் மூன்றாம் பக்கத்தில் ஒரு தவறு இருப்பதாக அவள் டெலிபோனில் சொன்னாள். “எதுல வரைஞ்சு காட்டப் போறீங்க?” என்று அவர் கேட்டார்.

ஷா ஆலமிலிருந்து ஒரு தொழிற்சாலைக்காரர் தன் சுவருக்கும் ஒரு தகட்டுப் படம் கேட்டார். பந்திங் பாசார்க்காரர்கள், அங்கே சந்தையில் கடை போடுகிறவர்கள், கூடிப் பேசி ஆள் அனுப்பினார்கள். அவள் பாசாரைத்தான் முதலில் ஒத்துக்கொண்டாள். வேலையை ராத்திரியில் வைத்துக்கொள்ளலாம், சத்தம் இருக்காது என்று அவர்கள் சொன்னார்கள்.

“வேணாம். காலையில வரேன், எல்லாரும் இருக்கிறப்ப” என்றாள் புஷ்பவல்லி.

சனிக்கிழமை காலை, மீன்காரர்கள் கூவிக்கொண்டிருக்கும்போது, அவள் ஏணியில் ஏறி முதல் தகட்டில் முழுக்கையளவு சிவப்பை இழுத்தாள். கீழே அதற்குள் பத்துப் பேர் நின்று, அது என்னவென்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.