ஏழு வருடமாக ஒரே அட்டை

"புதுசு எடுக்கமாட்டேன், மூப்பரே. பழசு இன்னும் நிறைவேறலியே."

"வருசா வருசம் இதையே சொல்லுதே. வாக்குத்தத்தம் ஒரு வருசத்துக்குத்தான், மூக்கம்மா."

"கர்த்தர் அதுல தேதி போடலியே."

சபை மூப்பர் செல்லதுரை குடையை மடக்கினார். மட்டாஞ்சேரி சுக்கு முற்றத்தில் சுண்ணாம்பு பூசிய இஞ்சி வெயிலில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. மூக்கம்மாள் அதைக் காலால் புரட்டிக்கொண்டே பேசினாள். அவர் வந்ததற்காக நிற்கவில்லை.

"ஏ மூக்கம்மா, மூப்பருக்கு சாயா வாங்கணுமா, முறத்தத் தூக்கி வீசணுமா?" என்று முற்றத்தின் கோடியில் சுக்குப் புடைத்துக்கொண்டிருந்த சந்தனமாரி கத்தினாள்.

"பொறு, சொல்லுதேன்."

புத்தாண்டு ஆராதனையில் தமிழ்ச் சபைக்குள் ஒரு தாம்பாளம் சுற்றி வரும். அதில் அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். யார் கைக்கு எது வருகிறதோ, அதுதான் அவருக்கு அந்த வருடத்தின் வாக்கு. எழுபத்தேழில் மூக்கம்மாள் கைக்கு வந்தது, உன்னோடு வழக்காடுகிறவனோடு நானே வழக்காடுவேன் என்று கர்த்தர் ஏசாயாவைக் கொண்டு சொன்னது. மறுவருடம் முதல் தாம்பாளத்தைத் தொடாமல் பக்கத்தில் தள்ளிவிட்டாள்.

வழக்கு யாரோடு என்பது சபைக்கே தெரியும். அதற்கு மூன்று மாதம் முன்னால், மிளகுக் கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து அவள் புருஷன் ராசப்பன் நசுங்கிச் செத்தான். அங்கே செல்லதுரைதான் மேஸ்திரி. "இன்னும் ரெண்டு வரிசை ஏத்துலே" என்று அவர் சத்தம் போட்டதை, சோறு கொண்டுபோன மூக்கம்மாள் வாசலில் நின்று தன் காதால் கேட்டாள். விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னது வேறு: "குடிச்சிட்டு ஏறினான். வாடை அடிச்சுது." ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து ராசப்பன் சாராயத்தைத் தொட்டதில்லை. ஆனால் மேஸ்திரி சொல்லே நின்றது. குடித்துச் செத்தவன் என்று அவன் பெட்டியைக் கோயிலுக்குள் ஏற்றவில்லை. தெருவில் வைத்தே ஜெபித்து, தூக்கிப்போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து காத்திருந்தாள். ஒரு வருடம் காற்றில் மூப்பர் வீட்டு ஓடுகள் பறந்தன. மூக்கம்மாள் அன்று சாயாவில் இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டுக் குடித்தாள். இன்னொரு வருடம் அவர் மகளுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றது. "இதுவா ஆண்டவரே?" என்று முழங்காலில் நின்று கேட்டாள். இரண்டு முறையும் வயிற்றெரிச்சல் தணியவில்லை. அப்படியானால் இது இல்லை என்று எழுந்துவிட்டாள்.

"எதுக்கு வந்திய? அதைச் சொல்லுங்க."

மூப்பர் வலது கையை நீட்டினார். அது கம்பியில் மாட்டிய காகிதம் போல நடுங்கியது.

"புதுவருசத் தாம்பாளத்துக்கு அறுபது அட்டை எழுதணும். பன்னிரண்டுகூட முடியல. எழுதினதையும் ஒருத்தராலயும் வாசிக்க முடியாது." குரலைத் தாழ்த்தினார். "உன் கையில இருக்கதும் நான் எழுதினதுதான். வசனத்த எழுதி நானே கலந்து வச்சேன். அது உனக்குப் போவும்னு கண்டேனா? அதைத் தந்துரு, தாயி. அது உங்கிட்ட இருக்கிற வரைக்கும் இந்தக் கை நிக்காது."

அந்த அழகான கையெழுத்து யாருடையது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இஞ்சியைப் புரட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ இறங்கியது. கர்த்தர் இவன் கையாலேயே இவன் தீர்ப்பை எழுத வைத்திருக்கிறார். நடுங்கட்டும். தோள்வரை ஏறட்டும். நாக்குவரை ஏறட்டும்.

நாக்கு என்றதும் திடுக்கிட்டாள். நாக்கும் கையும் போய்விட்டால் ராசப்பன் குடிக்கவில்லை என்று யார் சொல்வது?

"கர்த்தர் மன்னிக்கிறவர், மூக்கம்மா. அதுவும் வாக்குத்தத்தந்தான்."

"ஆமா. பாவத்த அறிக்கை செய்யணும்னு அதுலயே சொல்லியிருக்கு. அந்தப் பாதிய மட்டும் முழுங்கிட்டு வந்துட்டியளே."



சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள். வியர்வையில் ஓரங்கள் மங்கியிருந்தன. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. அதைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே தெரிய, ஒரு சுக்கு மூட்டையின்மேல் வைத்தாள். மூட்டைக்கு நம்பர் போடும் பென்சிலைப் பக்கத்தில் வைத்தாள்.

"ராசப்பன் குடிக்கல. ரெண்டு வரிசை கூட ஏத்தச் சொன்னது நான். அப்படின்னு இதுல நீங்க எழுதணும், அவ்வளவுதான். இன்னிக்கு வருசக் கடைசி ஆராதனையில, சாட்சி சொல்லுத நேரத்துல, நானே எந்திரிச்சு வாசிக்கேன்."

"கை நடுங்குதே, தாயி."

"நடுங்கட்டும். எனக்கு வாசிக்கத் தெரியும்."

சந்தனமாரி முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூப்பர் பென்சிலை எடுத்தார். அது விரல்களுக்குள் நிற்காமல் ஆடியது.

மூக்கம்மாள் அட்டை நகராமல் ஓரத்தைச் சுண்ணாம்பு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"எழுதுங்க, மூப்பரே."