பிளெய்ன்ஸ்பரோ மடத்தின் பதினெட்டாவது அறை

பிளெய்ன்ஸ்பரோ என்ற அமெரிக்க ஊரில் ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மென்ட் ஒன்றில் இப்போது பதினெட்டு படுக்கையறைகள் இருக்கின்றன. வெளியிலிருந்து அளந்தால் பழைய அளவுதான். லீசிங் ஆபீஸ்காரர்கள் இரண்டு முறை டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பு அதிகம் என்று மட்டும் நோட்டீஸ் ஒட்டிப் போனார்கள். மருந்து கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஜம்புநாதன், மனைவி ருக்மிணி இறந்த பிறகு அங்கே தனியாக இருந்தார். ஒரு நாள் வைத்த ரசத்தை நாலு நாள் சாப்பிட்டார். பேச ஆளில்லாமல் குரலே கம்மிப்போனது. ஒரு பனிநாளில் கார் நின்றுபோய் உதவி கேட்டு வந்தார் ராஜராணி; பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் தனியாக வாழ்ந்த ரிட்டயர்ட் டாக்டர். அவர் வாசலில் ஷூவைக் கழற்றியதும் ஹால் சுவரில் ஒரு கதவு வந்தது. உள்ளே கட்டில், மடித்த போர்வை, ஜன்னலில் வெயில். அவர் திரும்பிப் போகவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். செருப்பைக் கழற்றக் கழற்றக் கதவுகளும் வந்தன. வீட்டை மடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மடம் என்றால் சட்டம் வேண்டுமே: பன்னிரண்டரைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிடும்போது பிள்ளைகளைப் பற்றிப் பெருமையடிக்கக் கூடாது. கேலியாக வைத்த மடாதிபதிப் பட்டம் ஜம்புநாதனுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

மடாதிபதிக்கு ஒரே ஓர் ஆசை. மகன் முகுந்த் ஒரு மணி நேர டிரைவில், பார்சிப்பனியில் இருந்தான். "வீக்கெண்ட் ட்ரை பண்றேன்பா" என்று ஒன்பது வருஷமாகச் சொன்னான். வந்தாலும் கார் சாவி கையை விட்டு இறங்காது. அறை வந்தால் தங்குவான் என்று, அவனுடைய காலேஜ் காலத்து ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தார். சுவர் அசையவில்லை.

"அண்ணை, சாப்பிட்டியா எண்டு கேக்க ஆள் இல்லாத ஆக்களுக்குத்தான் இந்த வீடு அறை குடுக்குது. உங்கட மகனுக்கு மனுசி பிள்ளை இருக்கினம். சந்தோசப்படுங்கோ" என்றார் ராஜராணி. அவரும் சந்தோஷப்படத்தான் பார்த்தார். ஷூவை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.

போன மார்ச்சில் ஒரு காலை, யாரும் வராமலே பதினெட்டாவது கதவு வந்திருந்தது. உள்ளே வழக்கத்தைவிட நீளமான ஏழடிக் கட்டில். அது வேண்டிய உயரம் அவர் வீட்டில் முகுந்துக்குத்தான். ஒன்பது வருஷம் வேண்டியது கிடைத்த அன்று, ராஜராணி சொன்னதை நினைத்து ஜம்புநாதன் வாய்விட்டு அழுதார். கதவு மறைந்துவிடாதா என்று ஓடிப்போய் அந்த ஷூவைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து பார்த்தார். கதவு போகவில்லை.

பன்னிரண்டரைக்கு முகுந்த் ஒரு பெட்டியோடு வந்து நின்றான். அவன் மனைவி மானஸா குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் ஆறு வாரமாம். ஷூவைக் கழற்றினான், கார் சாவியை ஆணியில் மாட்டினான். மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஜம்புநாதன் பதினெட்டாவது தட்டை எடுத்துப் போட்டு, "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.