எண்பத்திரண்டு மார்க்

போஸ்ட்மார்ட்டம் முடிந்து வந்த சொர்ணவல்லியின் முகத்துத் துணியை மட்டும் விலக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவளுடைய ஆதார் கார்டைத் தேடி அலமாரியைக் குடைந்த அண்ணன் ஆத்மநாதன் கையில் அந்தத் தாள் சிக்கியது. இங்கிலீஷில் இருந்ததால் கிராம நர்ஸ் செபமாலையிடம் நீட்டினார். சொர்ணவல்லியின் புருஷன் ஆண்டியப்பன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவிக்கு இரண்டு வருஷம் மனச்சோர்வு. மாத்திரையில் தேறினாள். தேறியவர்களுக்கு நோய் திரும்புமா என்று ரத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு மதுரையில் ரத்தம் கொடுத்திருந்தாள். தபாலில் வந்த முடிவை ஏழாவது படிக்கும் மகள் புவனேஸ்வரிதான் எழுத்துக்கூட்டினாள். மார்க்கர் என்றிருந்தது, பக்கத்தில் நூற்றுக்கு எண்பத்திரண்டு.

"அம்மா எம்பத்திரெண்டு மார்க்குப்பா" என்று துள்ளினாள்.

அன்றைக்கே ஆண்டியப்பன் மாத்திரையைப் பிடுங்கி வைத்தான். அவனுக்கு அது தோதாகப் போயிற்று. மாத்திரை போட்டவள் எட்டு மணிவரை தூங்கினால் மாட்டை யார் கறப்பது? இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சியவளிடம், பாஸானவளுக்கு எதற்கு டியூஷன் என்றான். டீக்கடையிலும் சொல்லிச் சிரித்தான். மதுரையிலிருந்து வந்த போனையெல்லாம் கட் பண்ணினான்.

டீக்கடைக் கதை செபமாலையின் காதுக்கும் போயிருந்தது. தாளை இரண்டு தரம் படித்தாள்.

"இது மார்க் இல்லண்ணே, மார்க்கர். ரத்தத்துல தெரியுற சீக்கு அடையாளம். இந்த நம்பர் கூடுனா சீக்கு திரும்ப வர வாய்ப்பு அதிகம்னு அர்த்தம். மாத்திரைய நிறுத்தாம ஒடனே கூட்டிட்டு வாங்கன்னு போட்டிருக்கு."

ஆத்மநாதன் தங்கை புருஷனைப் பார்த்தார்.

"மாத்திரைய நிறுத்துனது யாரு மாப்ள?"

பந்தலில் ஒப்பாரி நின்றது. நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு அறை விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆண்டியப்பன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"புள்ளதான் மச்சான், படிச்சுச் சொன்னா."

தாயின் கால்மாட்டில் ஆத்மநாதன் மனைவி மடியில் கிடந்த புவனேஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். அவ்வளவு நேரம் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்த கை விலகியது. செபமாலை என்னவோ சொல்ல வாயெடுத்தாள்; ஒப்பாரி மறுபடி பிடித்துக்கொண்டதில் யாருக்கும் கேட்கவில்லை. பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். சின்னப் பெண்ணைச் சுற்றி ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விழுந்தது.