உமைருக்கு ஓர் அர்ச்சனை

சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வட்டாரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கடன் அடைந்த மறு வருடமே, இராமசாமியும் அவர் மனைவி உமாமகேஸ்வரியும் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் நீச்சல் குளத்தோடு கூடிய தனியார் அடுக்குமாடியில் ஒற்றைப் படுக்கையறை 'கொண்டோ' வீடு ஒன்றை வாங்கினார்கள். "நீங்க தூங்கும்போதும் வாடகை வரும்" என்று முகவர் சொல்லியிருந்தார். இரண்டாவது வீடு என்பதால் கூடுதல் முத்திரை வரியிலேயே சேமிப்பு கரைந்தது. இனி மாதத் தவணையை வாடகைதான் கட்ட வேண்டும்.

உமைர் என்ற பினாங்கு இளைஞர் குடிவந்தார். வங்கியில் கணினி வேலை. ஒப்பந்தத்தை இராமசாமி கையெழுத்துப் போட்ட பிறகுதான் நிதானமாகப் படித்தார். ஓராண்டுக்குப் பின் உமைருக்கு வேலை போனாலோ, வெளிநாட்டுக்கு மாற்றலானாலோ, முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அன்றோடு தூக்கம் போனது. நாளிதழைப் பிரித்தால் இராமசாமி ஆட்குறைப்புச் செய்தியைத்தான் முதலில் தேடினார். உமாமகேஸ்வரி தேக்கா சந்தையில் ஹலால் கோழி வாங்கிப் பிரட்டி, வாரந்தோறும் கொண்டோவுக்கு எடுத்துப் போனார். அங்கே ஏர்கான் ஒழுகினால் மறுநாளே ஆள் வந்தது. சொந்த வீட்டு ஏர்கானுக்கு அடியில் வாளி இருந்தது.

"தம்பி, உங்க பாஸ் உங்ககிட்ட நல்லா இருக்காரா?"

"ஓகே லா ஆன்ட்டி. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். அவர்கூட சண்டை கிண்டை போட்டுடாதீங்க."

வங்கிகளில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த வாரம், உமாமகேஸ்வரி காளியம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினார்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"உமைர்."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியல சாமி. வேலை மட்டும் நிலைக்கணும்."

"சாமி பேருக்கே பண்ணிடுறேம்மா."

வேலை நிலைத்தது. அதோடு நிற்கவில்லை. பதவி உயர்ந்து உமைர் ஹாங்காங்குக்கு மாற்றலானார். இனிப்புப் பெட்டியோடு ஆங் மோ கியோவுக்கே வந்து சொன்னார்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் ஆன்ட்டி."

உமாமகேஸ்வரி சிரித்தபடி லட்டை வாயில் போட்டுக்கொண்டார். விழுங்கத்தான் நேரமானது.

உமைர் போனதும் இராமசாமி, "நீதானே வேண்டிக்கிட்ட?" என்றார்.

"வேலைக்குத்தான் வேண்டினேன். பிரமோஷனுக்கா வேண்டினேன்?"

கொண்டோ காலியாகக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் புதுக் கட்டடங்கள் எழும்பியிருந்ததால், பார்க்க வந்தவர்களெல்லாம் வாடகையைக் குறைக்கச் சொன்னார்கள். தவணை மட்டும் குறையவில்லை. கடைசியில் வீவக அனுமதி வாங்கி, கூடுதல் வாடகை வரும் பெரிய ஆங் மோ கியோ வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, இருவரும் கொண்டோவுக்குக் குடிபோனார்கள். கட்டிலைப் போட்டதும் அலமாரிக் கதவு பாதிதான் திறந்தது.

ஞாயிறு மாலை நீச்சல் குளத்தருகே போய் நின்றார்கள். அதற்கும் சேர்த்துத்தான் இவ்வளவு நாளும் பராமரிப்புக் கட்டணம் கட்டியிருந்தார்கள்.

"ரொம்ப ஆழமா இருக்குமாங்க?"

"வாங்கும்போது கேக்கலையே."

உமாமகேஸ்வரி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது.