அம்மா பின்னிவிட்ட சடை

ஊழியத்துக்கு என்று கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு விமானத்தில் ஏறும்போதே ஒரு மிதப்பு வந்துவிடும். பார்லர் அக்காவுக்கும் வந்தது. சபையில் எல்லோருக்கும் அவள் பார்லர் அக்காதான். பாஸ்டர் சம்சாரம் தொடங்கி பாட்டுக் குழுப் பெண்கள் வரை அவளிடம் தலையைக் கொடுக்காதவர்கள் கிடையாது. ஆனால் அவளுக்குப் பாடவும் வராது, பிரசங்கம் பண்ணவும் வராது.

"எனக்குத் தெரிஞ்சது கத்திரியும் சீப்பும்தான் பாஸ்டர். நான் அங்க வந்து என்ன கிழிக்கப் போறேன்?" என்று அவள் பின்வாங்கினாள்.

"தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்க சிஸ்டர். ஆசையா தலையைத் தடவிக் கொடுக்கக்கூட ஆள் இல்ல. நீங்க வந்தாலே போதும்" என்று பாஸ்டர்தான் பேசிப் பேசியே கிளப்பிக்கொண்டு வந்தார். பிள்ளை இல்லாத வீட்டிலிருந்து வருகிறவளுக்கு அந்த ஒரு பேச்சு போதாதா என்ன?

சண்டை நடக்கும் ஊர்களிலிருந்து ஓடிவந்த கூட்டத்தில் தனியாகிப்போன பிள்ளைகளுக்கான இல்லம் அது. நீளமான கூடம், அடுக்குக் கட்டில்கள், ஆணியில் தொங்கும் துண்டுகள், சிமென்ட் முற்றம், அதன் முடிவில் இரும்பு கேட். அங்கே தமிழும் பிள்ளைகளின் பாஷையும் தெரிந்தவர் வார்டனம்மா ஒருவர்தான். கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த நாட்டிலேயே புருஷனைப் புதைத்துவிட்டு, அங்கேயே தங்கிவிட்ட மனுஷி. சிரிப்பதற்கு முன்னால் இரண்டு தரம் யோசிப்பவர்.

பிள்ளைகள் தலையைப் பார்த்ததும் அக்காவுக்குக் கை துறுதுறுத்தது. அத்தனை தலையிலும் பேன். காய்ச்சல் கண்ட ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வார்டனம்மா, "நான் வர்ற வரைக்கும் பொறுங்க. யார் யாருக்கு என்னன்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். யார் கேட்டார்கள்? ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்குகிறது, அதற்குள் எல்லாத் தலையையும் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஒரே அவசரம். முற்றத்தில் நாற்காலியைப் போட்டு, பழைய போர்வையைக் கிழித்து ஆளுக்கொன்றாகக் கழுத்தில் கட்டி, வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

ஒருத்திக்கு மட்டும் இடுப்புக்குக் கீழே இறங்கும் ஒற்றைச் சடை. அதை இடது தோள் வழியாக முன்னால் போட்டுக்கொண்டுதான் திரிவாள். அக்கா அதை அவிழ்த்துப் பார்த்தாள். முடியெல்லாம் சிக்கு, அடியில் தலை புண்ணும் சீழுமாக இருந்தது. பேன் எண்ணெயும் தீர்ந்து போயிருந்தது. "ஐயோ கண்ணு, எப்படித்தான் தூங்குறியோ" என்று அவளுக்கு மனசு தாங்கவில்லை. கத்திரியைப் பார்த்ததும் அந்தப் பெண் அலறினாள். நாற்காலியிலிருந்து குதித்து ஓடினாள். பாஸ்டர்தான் பிடித்துக்கொண்டு வந்தார். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொல்லிக் கத்தினாள் அந்தப் பெண். முதல் தடவை நாற்காலியில் உட்காரும் பிள்ளைகள் எல்லாமே கத்தும், முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கும், இது பார்லர் அக்காவின் இத்தனை வருஷ அனுபவம். பாவி மனுஷி, அந்த தைரியத்தில் ஒரு தாலாட்டைப் பாடிக்கொண்டே ஒட்ட வெட்டினாள்.

கண்ணாடியைக் காட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. எழுந்து போய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

மத்தியானம் திரும்பி வந்த வார்டனம்மா முற்றத்தில் கிடந்த முடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு வெட்டினது?"

"நான்தாம்மா. ஒரே புண்ணு. ஏதோ ஒரே வார்த்தையைச் சொல்லிக் கத்திட்டே இருந்தா…"

"அம்மான்னு கத்தியிருப்பா" என்றார் வார்டனம்மா.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். ஊரைக் காலி பண்ணிய அன்றைக்கு லாரியில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்ததாம். தாய்க்காரி இவளை மட்டும் ஏற்றிவிட்டிருக்கிறாள். ஏற்றும் முன் நின்றவாக்கில் சடையைப் பின்னி, இடது தோளில் போட்டுவிட்டு, "இதை வெட்டவே விடாதே. அடுத்த லாரியில நான் வந்துருவேன். எத்தனை கூட்டத்துல நீ நின்னாலும் இதை வச்சு உன்னைக் கண்டுபிடிச்சிருவேன்" என்று சொல்லியிருக்கிறாள். அப்போது இவள் சின்னக் குழந்தை. அன்றிலிருந்து கேட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும், சடையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு ஓடிப் போய் நிற்பாள்.

அக்கா கீழே கிடந்த முடியைப் பார்த்தாள். "அப்போ அவங்கம்மா வரும்போது…"

"அடுத்த லாரி வந்து சேரவே இல்ல. அதுல வந்தவங்க யாரும் உயிரோட இல்ல. அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. இன்னும் கொஞ்சம் வளரட்டும்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன்."

அன்று சாயங்காலம் மளிகை வண்டி வந்தது. அந்தப் பெண் கேட்டுக்கு ஓடவில்லை. வண்டி போன பிறகு மெல்ல வந்து, வார்டனம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். அவர் இல்லை இல்லை என்று தலையாட்டியும் அவள் விடவில்லை. அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன கேக்குறா?" என்றாள் அக்கா.

"அந்த வண்டியில அம்மா வந்து, பார்த்துட்டு, நம்ம பொண்ணு இங்க இல்லைன்னு திரும்பிப் போயிட்டாங்களான்னு கேக்குறா." வார்டனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்து வரைக்கும் நாளைக்கு வருவாங்கன்னு இருந்தா. இனிமே ஒவ்வொரு வண்டியிலயும் வந்துட்டுப் போயிட்டாங்கன்னு நினைப்பா."

"உண்மையைச் சொல்லிரலாம்மா. நானே பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

"இப்பவா? முடியை வெட்டினதாலதான் அம்மா செத்துட்டாங்கன்னு நினைச்சுக்குவா. அந்தப் பாரத்தையும் அவ தலையிலயே ஏத்தணுமா?"

அக்காவுக்கு நாண்டுகொண்டு செத்துப்போகலாம் போலிருந்தது. அதற்கப்புறம் அவள் கத்திரியைக் கையால் தொடவில்லை. அந்தப் பெண்ணின் தலைப் புண்ணுக்கு மருந்து மட்டும் போட்டாள். அந்தப் பிள்ளை தலையைக் கொடுத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். திட்டினால்கூடத் தேவலை. விடைபெறும் கூட்டத்தில், "நம்ம பார்லர் சிஸ்டர் வந்து ஆண்டவர் செஞ்ச நன்மைக்குச் சாட்சி சொல்லுவாங்க" என்று பாஸ்டர் உற்சாகமாக அழைத்தார். எழுந்து நின்றவள், "ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தாழ்மையாகப் பேசுகிறாள் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.

வேன் கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண் ஓடி வந்தாள். ஜன்னல் வழியாக அக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக ஏதோ சொன்னாள். வார்டனம்மா பக்கத்தில் வந்து நின்றார். உடனே சொல்ல அவருக்கு மனசில்லை.

"சொல்லுங்கம்மா, என்ன திட்டினாலும் பரவாயில்ல."

"திட்டலை. 'இதுக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல. நீங்க வெளியில போறீங்க. வழியில எங்கம்மாவைப் பார்த்தா, அந்த மொட்டைத் தலைப் பொண்ணு நான்தான்னு சொல்லிருங்க'ங்கிறா."

பிள்ளை அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. ஏதாவது சொல்லியாக வேண்டும். "சொல்றேன்டா தங்கம்" என்றாள். நிஜமாகவே தேடப் போகிறவள் மாதிரி, "அம்மா எப்படி இருப்பாங்க? கறுப்பா, சிவப்பா? உயரமா?" என்றும் கேட்டு வைத்தாள்.

வார்டனம்மா அதை அந்தப் பாஷையில் கேட்டார். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். யோசித்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மறுபடியும் யோசித்தாள். பிறகு அக்காவின் விரல்களை விட்டுவிட்டு, சன்னமாக ஏதோ சொன்னாள்.

"அவளுக்கு முகம் ஞாபகம் இல்லையாம்" என்றார் வார்டனம்மா. "அதனாலதான் அம்மா தன்னைக் கண்டுபிடிக்கட்டும்னு காத்திருந்தாளாம்."

டிரைவர் வண்டியை எடுத்தார்.