இருநூற்றுப் பதினாலாம் வரி

ரிக்கேவுக்கு வேண்டியது முப்பத்திரண்டு. ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். வியாழக்கிழமை காலையில் போய்க் கணினி இருபத்தொன்று என்கிறது!

விஷயம் இதுதான். சில அணுக்களின் கனமே உள்ள குறைக்கடத்தி ஏட்டின் மேல் ஒளி பட்டால் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அதுவும் அது விட்டுப்போன காலியிடமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரியும். அந்த ஜோடிதான் எக்ஸிட்டான். புதுமணத் தம்பதியோடு ஒட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போகிற ஆள் மாதிரி இன்னொரு எலக்ட்ரானும் வந்து தொற்றிக்கொண்டால் ட்ரயான். அந்த மூன்றாவது ஆளைப் பிய்த்தெடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? மூன்று வருடமாக ரிக்கே கணக்கிட்டது இதைத்தான். முப்பத்திரண்டு மில்லி எலக்ட்ரான் வோல்ட். கீழ்த்தள ஆய்வகத்தில் ஆஸ்கெ அளந்ததும் முப்பத்திரண்டு. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பல்லேவுக்கு வாயெல்லாம் பல்.

அடிக்குறிப்பு ஒன்றைச் சரிபார்க்கக் குழுவின் பழைய கணினி நிரலைத் திறந்தவள் கண்ணில் அந்த இருநூற்றுப் பதினாலாம் வரி பட்டது. மின்விசையை ஏடு எவ்வளவு தூரத்துக்கு மட்டுப்படுத்துகிறது என்ற நீளம், இருக்க வேண்டியதில் பாதியாக இருந்தது. ஒருத்தர் இரண்டால் பெருக்கி எழுதுவார், இன்னொருத்தர் பெருக்காமல் எழுதுவார். இந்தத் தொழிலில் இது ஒரு தீராத தலைவலி. திருத்தினாள். இருபத்தொன்று.

தப்பைத் திருத்தினால் விடை பொருந்தவில்லை. தப்பை விட்டுவைத்தால் பொருந்துகிறது. இது என்ன கூத்து! மதியம் வரை மண்டை காய்ந்துபோய்க் கீழே இறங்கினாள்.

ஆஸ்கெ லேசர் மேசைக்கு வெளியே கம்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"முப்பத்திரண்டை எப்படி அளந்தே?"

"இதென்ன கேள்வி? ஒளியை அடிச்சேன், படம் வந்துச்சு." திரையை அவள் பக்கம் திருப்பினான். பெரிய மேடு எக்ஸிட்டான். அதற்குக் கீழே சின்ன மேடுகள் இரண்டு. ஒன்று இருபத்தேழு தள்ளி, இன்னொன்று முப்பத்திரண்டு தள்ளி.

"ரெண்டு இருக்கே!"

"ஒண்ணு ட்ரயான். இன்னொண்ணு ஏதோ அழுக்கு."

"எது எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"உன் போஸ்டரைப் பாத்துத்தான். முப்பத்திரண்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தியே."

"அடப்பாவி! நீ அளந்ததை வச்சுத்தானே என் கணக்கு சரின்னு நான் நம்பினேன்!"

ஆஸ்கெ மெல்லுவதை நிறுத்தினான். "இப்போ என்ன வருது உனக்கு?"

"இருபத்தொண்ணு."

"அங்கே ஒண்ணுமே இல்லையே ரிக்கே. மொட்டைத் தரை."



அந்தத் துறையில் சொதப்பியவர்கள் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கேக் கொண்டுவர வேண்டும். சின்னச் சொதப்பலுக்குக் கடைக் கேக் போதும். பெரிய சொதப்பலுக்கு வீட்டில் சுட வேண்டும். ரிக்கே சுட்டிருந்தாள், மேலே தேங்காய்ப்பூ வைத்து.

"யாரோடது?" என்று கத்தியை எடுத்தார் பல்லே. "உன்னோடதா? என்ன பண்ணினே, பிரிண்டரை உடைச்சியா?"

சொன்னாள். பல்லே கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னும் ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. பழைய நம்பரையே போட்டுக் கொடுத்துடு. அப்புறம் பாத்துக்கலாம்."

ரிக்கேவுக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்! பட்டம் கையில் இருந்தால்தான் அடுத்த வேலை.

"முடியாது பல்லே. அது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு."

"இருபத்தொண்ணு மட்டும் சரியா?"

"தெரியாது."

"நாலு குழுவுக்கு முப்பத்திரண்டுதான் வந்திருக்கு. எல்லாரும் முட்டாளா?"

"நாலு பேரும் நம்ம நிரலைத்தானே வாங்கி ஓட்டினாங்க?"

பல்லே கேக் தட்டைத் தள்ளி வைத்தார். "எந்த வரி?"

"இருநூத்திப் பதினாலு."

"அது நான் எழுதினது," என்றார். "என் பொண்ணு பொறந்த வாரம்."

ரிக்கேவுக்குக் கோபமா, அழுகையா, சிரிப்பா என்றே புரியவில்லை. இன்னொருத்தர் சொதப்பலுக்கு இவளல்லவா மாவு பிசைந்திருக்கிறாள்! விறுவிறுவென்று அறைக்குப் போனாள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் முப்பத்திரண்டை அழித்து இருபத்தொன்று என்று அடித்தாள். அதன் கீழே, 'இது அளவீட்டோடு பொருந்தவில்லை. அளவீட்டில் எந்த மேடு ட்ரயான் என்பதும் உறுதியில்லை. காரணம் எனக்குத் தெரியவில்லை' என்று எழுதினாள். ஆய்வேட்டில் போய் யாராவது இப்படி எழுதுவார்களா? அழிக்க இரண்டு முறை கை போனது. பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பிவிட்டாள்.

திரும்பினால் வாசலில் பல்லே நிற்கிறார். சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிறது. கையில் பேக்கரிப் பெட்டி.

"கடைக் கேக்தான். சுட நேரமில்லை," என்றார். "கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன். இருபத்தொண்ணு."

அவர் தலையாட்டினார். பெட்டியை அவள் மேசை மேல் வைத்தார்.

"ஏத்துக்குவாங்களா பல்லே?"

"தெரியல," என்றார்.

இந்த மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி ரிக்கே கேட்டதே இல்லை.