பத்தாம் நாள் பஞ்சு

கூலியை ஏற்றச் சொல்லித் தறியை நிறுத்திப் பத்து நாளாகியும் விசைத்தறிச் சங்கச் செயலாளர் தம்பிதுரையின் வாய் மட்டும் நிற்கவில்லை. எகனாமிக்ஸ் படித்த மேதாவி அல்லவா? தொண்ணூற்று ஐந்தில் சோமனூர்க் கல்யாண மண்டபத்துக்கே கரும்பலகை கொண்டுவந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தவர் அவர் ஒருவர்தான்.

"சப்ளை குறைஞ்சா வெல ஏறுமுங்க. வியாபாரிகிட்ட இருக்கற துணி தீரட்டும், மீட்டருக்கு நாம கேக்கற கூலிய அவனே ஊடு தேடி வந்து குடுப்பான். எல்லாரும் நிறுத்தித்தான இருக்கறோம்?"

"ஆமாங்க!" என்று மண்டபமே முழங்கியது.

முன்வரிசையில் பொற்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு தறிக்குச் சொந்தக்காரி. இந்தக் கரும்பலகைக் கோடுகளை நம்பி முதல் நாளே மோட்டாரை அணைத்தவள். கூட்டத்தன்று காலையில்தான் வியாபாரி அப்புசாமியின் ஆள் வேனோடு வந்து, கூலிக்கு நெய்யக் கொடுத்து, நெய்யாமல் கிடந்த பாவு நூலை உருளையோடு கழற்றிக்கொண்டு போயிருந்தான். "நீங்க ஓட்டலீன்னா ஓட்டறவீங்களுக்குக் குடுக்கோணுமில்லீங்க?" யாரடா அந்த ஓட்டுகிறவன் என்றதற்கு இளித்தான், எருமை. பாவு இல்லாத தறி வெறும் இரும்பு. கூலி ஏறினால் பாவும் திரும்ப வரும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவள் வந்திருந்தாள்.

தம்பிதுரை கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தார். அவர் தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நின்றால்தான் அப்படி ஒட்டும். ஒரு முறை தலைக்கு ஊற்றினால் போய்விடும். பத்து நாளாகவா இந்த மைனர் குளிக்காமல் இருப்பார்? அவருடைய தறிக்குடோன் சூலூர் தாண்டித் தோட்டத்துக்குள் இருந்தது. சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது!

பொற்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க அம்மணி."

"தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்குதுங்களே. தொடச்சுபோட்டுப் பாடம் நடத்துங்க."

தம்பிதுரையின் கை சட்டென்று தலைக்குப் போனது. மற்றவர்களும் பார்த்துச் சிரிக்கட்டும் என்று பொற்கொடி திரும்பினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மண்டபத்தில் அத்தனை பேரும் அவரவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"அட, த்தூ! நல்லா இருங்க சாமி" என்று ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். போய்த் தானும் ஓட்டலாம் என்றால், தறியில் பாவு இல்லை.